வேலியைத் தாண்டும் பந்து: நெடுக்கச் சூத்திரம் ஏன் இங்கே சரியான விடை தரவில்லை?

விடைதேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எறிபொருளின் இயக்கம் பற்றிய பாடத்தில் ஒரு கணக்கு இரண்டு நாட்களாக என்னை நகரவிடவில்லை. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் மட்டையால் அடிக்கப்படும் பந்து, கிடைத்தளத்துடன் 36.9 பாகைக் கோணத்தில் (அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 3/4) மேல்நோக்கிப் புறப்படுகிறது. 80 மீட்டர் தொலைவில் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு வேலி நிற்கிறது. பந்து அதன் உச்சியை மயிரிழையில் தாண்டிச் செல்கிறது. காற்றுத் தடையைப் புறக்கணித்து, பந்து புறப்பட்ட வேகத்தைக் காண வேண்டும்.

கிடைத்தள நெடுக்கத்துக்கான (பந்து கிடையாகக் கடக்கும் தொலைவுக்கான) சூத்திரத்தைப் பயன்படுத்தினேன். வேகத்தின் இருமடியை இரு மடங்கு கோணத்தின் சைனால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் நெடுக்கம் கிடைக்கும் அல்லவா? இக்கோணத்தின் சைன் 3/5, கோசைன் 4/5. ஆகவே இரு மடங்கு கோணத்தின் சைன் 0.96. நெடுக்கம் 80 மீட்டர் என்று வைத்தால் வேகத்தின் இருமடி 816.7 ஆகிறது, வேகம் 28.58 மீ/வி. கொடுக்கப்பட்டுள்ள விடையோ 29.07 மீ/வி. வேறுபாடு அரை மீட்டர்தான் என்பதால் தோராயப் பிழை என்று விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கணக்கில் சொல்லப்பட்ட 1 மீட்டரும் 3 மீட்டரும் என் வழிமுறையில் ஓரிடத்திலும் வரவில்லை என்பது உறுத்துகிறது. எங்கே தவறினேன் என்று யாராவது விளக்குவீர்களா?

கரும்பலகை எழுதியது:

தம்பி, உங்களை உறுத்திய இடம்தான் சரியான இடம். கொடுக்கப்பட்ட ஓர் அளவு விடைக்குள் வராமலே போகிறது என்றால், ஒன்று அது தேவையற்ற தகவலாக இருக்க வேண்டும், அல்லது நாம் வேறொரு கணக்கைச் செய்துகொண்டிருக்க வேண்டும். இங்கே நடந்தது இரண்டாவது.

நெடுக்கச் சூத்திரத்துக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. பந்து எந்த மட்டத்திலிருந்து புறப்பட்டதோ அதே மட்டத்துக்குத் திரும்பி வரும்போது கடந்திருக்கும் கிடைத்தொலைவைத்தான் அது தரும். சூத்திரத்தை வருவிக்கும்போது செங்குத்து இடப்பெயர்ச்சியைச் சுழி என்று வைத்துப் பறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு அந்தச் சுழி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மனப்பாடம் செய்பவர்களுக்குச் சூத்திரம் நினைவிருக்கும், சுழி நினைவிருக்காது. பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்பாடத்தில் நான் திருத்திய பிழைகளில் மிகுதியானவை இந்த ஒரு மறதியிலிருந்து பிறந்தவை.

உங்கள் 28.58 எதற்கான விடை என்று சோதித்துப் பாருங்கள். கிடைத்தளக் கூறு 22.86 மீ/வி, செங்குத்துக் கூறு 17.15 மீ/வி. 80 மீட்டரைக் கடக்க 3.50 விநாடி ஆகும். அந்நேரத்தில் செங்குத்துக் கூறு பந்தை 60 மீட்டர் உயர்த்தியிருக்க வேண்டும். ஈர்ப்பு அதை அதே 60 மீட்டர் கீழே இழுத்திருக்கும். ஆகவே பந்து மறுபடியும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது, வேலியின் உச்சிக்குச் சரியாக 2 மீட்டர் கீழே மோதும். அரை மீட்டர் வேக வேறுபாட்டைத் தோராயப் பிழை என்று ஒதுக்கியிருந்தால், தாண்ட வேண்டிய பந்து வேலியில் மோதி விழுந்திருக்கும்.

இனிச் சரியான வழி. பந்து மட்டையை விட்டுப் பிரியும் புள்ளியை ஆதிப்புள்ளியாகக் கொள்ளுங்கள். மேல்நோக்கிய திசை நேர்க்குறி. கிடைத்திசையில் முடுக்கம் இல்லை. செங்குத்துத் திசையில் 9.8 மீ/வி² கீழ்நோக்கி. இவ்விரண்டு இயக்கங்களுக்கும் பொதுவானது நேரம் ஒன்றே. கிடைத்திசையிலிருந்து நேரத்தை எடுத்துச் செங்குத்துத் திசையில் இட்டால் கிடைப்பது பாதைச் சமன்பாடு:

உயர வேறுபாடு = தொலைவு × டேன் − (ஈர்ப்பு முடுக்கம் × தொலைவு²) ÷ (2 × வேகம்² × கோசைன்²)

உயர வேறுபாடு 3 அல்ல, 3 − 1 = 2 மீட்டர். தொலைவு 80. பிரதியிட்டு வேகத்தை நீங்களே காணுங்கள்.

மாலைநேர ஆட்டக்காரர் எழுதியது:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் படித்தது வணிகவியல்; இயற்பியலை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. எனினும் வாரந்தோறும் ஆடுகிறவன் என்பதால் ஓர் ஐயம் எழுகிறது. மட்டை கொடுத்த விசை பந்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விசை தீர்ந்தவுடன் பந்து உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு கீழே இறங்குகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உங்கள் சமன்பாட்டில் மட்டையின் விசை எங்குமே இல்லையே?

கரும்பலகை எழுதியது:

மன்னிப்புக் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. பெரும்பாலோர் மனத்தில் வெளியே சொல்லப்படாமல் இருப்பதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்த நொடிப்பொழுதில் அது பந்துக்குக் கொடுப்பது உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு). தொடர்பு அற்றதும் மட்டையின் விசையும் அற்றுவிடுகிறது. பறக்கும் பந்தின்மீது (காற்றை இப்போதைக்கு மறந்துவிட்டால்) புவியீர்ப்பைத் தவிர வேறு எதுவும் செயல்படவில்லை. முன்னோக்கிச் செல்வதற்கு விசை தேவையில்லை; சென்றுகொண்டிருப்பதை மாற்றுவதற்குத்தான் விசை வேண்டும்.

உச்சியில் பந்து நிற்பதும் இல்லை. அங்கே சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். 36.9 பாகையில் 30 மீ/வி வேகத்துடன் புறப்பட்ட பந்தை எடுத்துக்கொண்டால், உச்சியில் அது 24 மீ/வி வேகத்தில் கிடையாகப் போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் முடுக்கம் அதே 9.8 மீ/வி²தான். கீழிருந்து பார்ப்பவருக்கு உயரம் மாறாத அந்தச் சிறு பொழுது நிற்பதுபோல் தோன்றுகிறது.

விடைதேடி எழுதியது:

ஐயா, செய்துவிட்டேன். 2 = 60 − 49000 ÷ வேகம்². எனவே வேகம்² = 49000 ÷ 58 = 844.8, வேகம் 29.07 மீ/வி. சரிபார்ப்பதற்காகப் பின்னோக்கியும் போனேன்: கூறுகள் 23.25, 17.44, வேலியை அடையும் நேரம் 3.44 விநாடி, அப்போது உயரம் சரியாக 3 மீட்டர். செங்குத்துத் திசைவேகம் −16.28 மீ/வி என வருவதால் பந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வேலியைத் தாண்டுகிறது என்பதும் தெரிந்தது. முதலில் ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தபோது 29.36 வந்து திகைத்தேன். காரணம் பிறகு புரிந்தது.

இதே கணக்கின் இரண்டாம் பகுதி: பந்தின் வேகம் 30 மீ/வி என்று கொடுக்கப்பட்டால், வேலியின் உச்சியைச் சரியாக அடைய எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும்? இதில் சமன்பாட்டில் டேனும் கோசைனும் கலந்து நிற்பதால் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

இருபடி எழுதியது:

இதற்கு விடை சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கோசைன் இருமடியின் தலைகீழ் மதிப்பு, 1 + டேன் இருமடிக்குச் சமம் என்ற முற்றொருமையை இடுங்கள். உடனே கோசைன் மறைந்து, டேன் மட்டுமே தெரியாத எண்ணாக நிற்கும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும்.

9.8 × 6400 ÷ (2 × 900) = 34.84. ஆகவே

2 = 80 × டேன் − 34.84 × (1 + டேன்²)

ஒழுங்குபடுத்தினால் 34.84 டேன்² − 80 டேன் + 36.84 = 0. இதன் மூலங்கள் 0.638, 1.658. கோணங்கள் 32.5 பாகையும் 58.9 பாகையும்.

இரண்டில் எது சரி என்று கேட்பீர்கள். இரண்டுமே சரி. முதலாவது தாழ்வாகச் சென்று விரைவில் சேரும். மற்றது வானளாவ எழும்பி, நெடுநேரம் கழித்து அதே புள்ளிக்கு இறங்கும். வேகம் 30 மீ/வி ஆக இருக்கும்வரை, இவ்விரு கோணங்களுக்கும் இடையே எந்தக் கோணத்தில் அடித்தாலும் பந்து வேலியைத் தாண்டிவிடும். அதற்கு வெளியே எங்கே அடித்தாலும் தாண்டாது.

இப்போது அந்த இரு கோணங்களையும் கூட்டிப் பாருங்கள்: 91.4 பாகை. ஒரே மட்டத்தில் விழும் பந்துக்கு இரு கோணங்களின் கூடுதல் 90 பாகை என்பதை, அதாவது 45 பாகையிலிருந்து மேலும் கீழும் சம அளவு விலகிய கோணங்கள் ஒரே நெடுக்கத்தைத் தரும் என்பதை, 1638இலேயே கலிலியோ நிறுவிக் காட்டினார். இங்கே மிஞ்சியிருக்கும் 1.4 பாகை எங்கிருந்து வந்தது? அடித்த இடத்திலிருந்து வேலியின் உச்சியை நேர்கோட்டில் பார்த்தால் அந்தக் கோடு கிடைத்தளத்துடன் ஏற்படுத்தும் ஏற்றக்கோணம் அது: டேன் மதிப்பு 2/80, கோணம் 1.43 பாகை. இலக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் இது பொருந்தும். கூடுதல் எப்போதும் 90 பாகையுடன் ஏற்றக்கோணத்தைச் சேர்த்ததே. முதன்முறை இதைக் கண்டபோது தாளைப் பலமுறை சரிபார்த்தேன்.

இதிலிருந்து இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரு கோணங்களும் ஒன்றையொன்று நெருங்கி, ஒரு கட்டத்தில் ஒன்றாகிவிடும். அதற்குக் கீழே இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான மூலமே இருக்காது. அந்தக் கட்டத்தின் வேகம்தான் வேலியைத் தொடத் தேவையான குறைந்தபட்ச வேகம். தன்மைகாட்டியை (மூலங்களைக் காணும்போது வர்க்கமூலக் குறிக்குள் வரும் கோவையை) சுழியாக்கினால்,

குறைந்தபட்ச வேகம்² = 9.8 × (2 + √(2² + 80²)) = 803.8

வேகம் 28.35 மீ/வி, கோணம் கூடுதலில் பாதி, அதாவது 45.7 பாகை. இதற்கும் குறைவான வேகத்தில் எந்தக் கோணத்தில் அடித்தாலும் அந்த வேலியை எட்ட முடியாது. உங்கள் முதல் கணக்கின் 29.07 இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், அங்கே கோணம் 36.9 என்று கட்டிப்போடப்பட்டிருந்தது.

திடலோரம் எழுதியது:

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் எனக்கு இந்த எண்கள் திடலில் காண்பவற்றுடன் ஒத்துப்போகவில்லை. 30 மீ/வி என்பது மணிக்கு 108 கிலோமீட்டர். இந்த வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பிய கிரிக்கெட் பந்து 89 மீட்டர் போகும் என்று சமன்பாடு சொல்கிறது. நான் பார்த்தவரையில் அது அதற்கு வெகு முன்பாகவே விழுந்துவிடும். இறங்கும்போதும் ஏறியதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. புறக்கணிக்கலாம் என்று சொல்லப்படும் காற்று, உண்மையில் புறக்கணிக்கத்தக்கதுதானா?

படிப்படி எழுதியது:

புறக்கணிக்கத்தக்கது அல்ல, எவ்வளவு என்பதையும் எண்களாலேயே பார்த்துவிடலாம்.

கிரிக்கெட் பந்தின் நிறை சுமார் 0.16 கிலோகிராம், விட்டம் சுமார் 7.2 சென்டிமீட்டர், ஆகவே குறுக்குவெட்டுப் பரப்பு 0.00407 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும், இழுவைக் கெழுவை (காற்று பந்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணை) 0.45 என்றும் எடுத்துக்கொள்கிறேன். (இந்தக் கெழு வேகத்தையும் பந்தின் தையலையும் பளபளப்பையும் பொறுத்து மாறும்; ஓர் இடைப்பட்ட மதிப்பைத் தேர்ந்திருக்கிறேன்.) இழுவிசை என்பது அடர்த்தி, பரப்பு, கெழு, வேகத்தின் இருமடி ஆகியவற்றின் பெருக்கலில் பாதி. 30 மீ/வி வேகத்தில் அது 0.99 நியூட்டன். பந்தின் எடை 1.57 நியூட்டன். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேலான ஒரு விசையைச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இழுவிசையைச் சேர்த்தால் எளிய சூத்திரம் எதுவும் கிடைக்காது, ஏனெனில் அது மொத்த வேகத்தைப் பொறுத்தது. கிடைத்திசையையும் செங்குத்துத் திசையையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிடும் வசதி அதோடு போய்விடுகிறது. வேறு வழி, நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் முடுக்கத்தைக் கண்டு, திசைவேகத்தையும் இடத்தையும் படிப்படியாகப் புதுப்பித்துக்கொண்டே போவது. 0.4 விநாடித் துண்டுகளாக, ஒவ்வொன்றின் நடுப்பொழுதிலுள்ள முடுக்கத்தைக் கொண்டு, கையாலேயே செய்தேன். புறப்பாடு: உயரம் 1 மீட்டர், கூறுகள் 24, 18 மீ/வி.

0.4 விநாடியில் தொலைவு 9.2, உயரம் 7.1 மீட்டர்.
0.8 விநாடியில் 17.8, 11.3.
1.6 விநாடியில் 33.5, 14.5. உச்சி இதுவே.
2.4 விநாடியில் 47.7, 11.5.
3.2 விநாடியில் 60.5, 2.8.
ஏறக்குறைய 3.4 விநாடியில், 63 மீட்டர் தொலைவில், தரை.

காற்றில்லாத கணக்கில் உச்சி 17.5 மீட்டர் உயரத்திலும் 44 மீட்டர் தொலைவிலும் இருக்கும், பந்து 3.73 விநாடிக்குப்பின் 89.5 மீட்டரில் விழும். ஆக, காற்று 26 மீட்டரை விழுங்கிவிட்டது. 36.9 பாகையில் ஏறிய பந்து ஏறக்குறைய 46 பாகையில் இறங்குகிறது. உச்சி பாதையின் நடுவில் இல்லாமல் விழும் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. திடலோரம் அவர்கள் கண்ணால் கண்டது இதைத்தான்.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். வெற்றிடக் கணக்கில் பந்தின் நிறைக்கு இடமே இல்லை. காற்று வந்தவுடன் நிறை உள்ளே வந்துவிடுகிறது: ஏறத்தாழ அதே அளவுள்ள டென்னிஸ் பந்தின் நிறை 58 கிராம் அளவே என்பதால், 30 மீ/வி வேகத்தில் அதன்மீதான இழுவிசை அதன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதே வேகத்தில் அடித்தாலும் டென்னிஸ் பந்து மிக முன்னதாகவே விழுவதற்கு இதுதான் காரணம்.

சுழற்சியை நான் சேர்க்கவில்லை. பந்தின் அடியில் மட்டை பட்டுப் பின்சுழற்சி ஏற்பட்டால், மாக்னஸ் விளைவால் (சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதால்) மேல்நோக்கிய ஒரு விசை தோன்றி, பந்து இன்னும் சிறிது நேரம் மிதக்கும். இழந்த தொலைவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

மாலைநேர ஆட்டக்காரர் எழுதியது:

அப்படியானால் மாணவர்களுக்கு உண்மையில் நடக்காத ஒன்றை ஏன் கற்பிக்க வேண்டும்? 89 என்று எழுதினால் மதிப்பெண். 63 மீட்டரில் விழுவதே உண்மை. இது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

கரும்பலகை எழுதியது:

உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. படிப்படி அவர்கள் செய்த கணக்கை மறுபடி பாருங்கள். ஆதிப்புள்ளியைத் தேர்ந்தது, கூறுகளாகப் பிரித்தது, இரு திசைகளையும் ஒரே நேரத்தால் இணைத்தது என எல்லாமே வெற்றிடக் கணக்கில் கற்றவை. அதன்மேல் ஒரு விசையைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். காற்றில்லாதபோது பந்து செல்லும் பரவளையப் பாதையை அறியாதவருக்கு, காற்று எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று சொல்ல ஒப்பிடுவதற்கே ஒன்றும் இருக்காது. 26 மீட்டர் என்ற அந்த எண், இரண்டு கணக்குகளையும் செய்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

நான் ஏற்றுக்கொள்ளும் குறை வேறு. ‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்ற தொடரை வினாத்தாளில் அச்சடித்துவிட்டு, புறக்கணித்ததன் விலை என்ன என்று வகுப்பில் ஒருமுறைகூடச் சொல்லாமல் போகிறோம். இரும்புக் குண்டை மெதுவாக எறிந்தால் அந்தத் தொடர் மெய். பந்தை மட்டையால் ஓங்கி அடித்தால் மெய்யல்ல. எடையையும் இழுவிசையையும் ஒரு வரியில் ஒப்பிட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும். என் வகுப்புகளில் நானும் இதைத் தாமதமாகத்தான் தொடங்கினேன்.

விடைதேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கணக்கை நானே அமைத்துச் செய்துபார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள். வேலி இல்லாத திடல். அதே 30 மீ/வி, 36.9 பாகை, 1 மீட்டர் உயரம். பந்து செல்லும் திசையிலேயே 70 மீட்டர் தொலைவில் ஒரு களத்தடுப்பாளர் நிற்கிறார். பந்தைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். பந்து அடிக்கப்பட்டதிலிருந்து அரை விநாடி கழித்தே அவர் ஓடத் தொடங்குகிறார். எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும்?

புறப்பட்ட மட்டத்துக்கே பந்து திரும்புவதால் இங்கே நெடுக்கச் சூத்திரம் செல்லும் (இம்முறை நிபந்தனையை முதலில் எழுதிவைத்துக்கொண்டேன்). நெடுக்கம் 900 × 0.96 ÷ 9.8 = 88.2 மீட்டர், பறக்கும் நேரம் 36 ÷ 9.8 = 3.67 விநாடி. அவர் 18.2 மீட்டர் பின்னோக்கி ஓட வேண்டும். கையில் இருப்பது 3.17 விநாடி. எனவே சராசரி வேகம் 5.7 மீ/வி.

படிப்படி எழுதியது:

வெற்றிடக் கணக்காக முற்றிலும் சரி. என் அட்டவணையைக் கொண்டு காற்றுடன் பாருங்கள்: இறங்கும் பந்து 1 மீட்டர் உயரத்தை அடைவது ஏறக்குறைய 3.3 விநாடியில், 62.4 மீட்டர் தொலைவில். அதாவது 70 மீட்டரில் நிற்கும் அந்தக் களத்தடுப்பாளர் பின்னோக்கி ஓடவே கூடாது, 2.8 விநாடியில் 7.6 மீட்டர் முன்னோக்கி வர வேண்டும். வேகம் 2.7 மீ/வி.

திடலோரம் எழுதியது:

புதிதாகச் சேரும் பிள்ளைகள் உயரே எழும் பந்தைக் கண்டதும் பின்னால் ஓடி, பிறகு பதறி முன்னால் வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு அடியைப் பின்னால் வைக்காதே என்று சொல்லிக்கொடுப்பேன். ஏன் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது. அடுத்த பயிற்சிக்கு இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போகிறேன். விடைதேடி, உங்கள் எண்களைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

விடைதேடி எழுதியது:

தாராளமாக, ஐயா. சுழற்சியையும் சேர்த்து 0.2 விநாடித் துண்டுகளாகச் செய்ய இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் அந்த எண்களையும் இங்கேயே தருகிறேன்.